வீட்டு ஹாட் டப்: மின் செலவும் பராமரிப்பும் கட்டுப்படியாகுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டின் பின்புறத்தில், முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) ஒன்று இருக்கிறது. நான்கு பேர் உட்காரலாம். கொள்ளளவு 1,400 லிட்டர், ஹீட்டர் 3 கிலோவாட் என்று அதன் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். என் மனைவிக்கு நெடுநாளாக முதுகுவலி. மாலையில் கால் மணி நேரம் அந்த வெந்நீரில் உட்கார்ந்து எழுந்தால் அன்றிரவு புரளாமல் தூங்குகிறார். அதனால் இதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முதல் மாத மின் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப் போனோம். தண்ணீரும் இரண்டே வாரத்தில் கலங்கிவிட்டது. நீர்மட்டத்தின் ஓரமாகத் தடவிப் பார்த்தால் கை வழுக்குகிறது. மின்சாரம் உண்மையில் எங்கே போகிறது, பயன்படுத்தாத நேரத்தில் ஹீட்டரை அணைத்து வைப்பது நல்லதா, வாரத்துக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாக ஹாட் டப் வைத்திருக்கிறேன். எடுத்துவிடும் முடிவுக்கு வருவதற்கு முன் உங்கள் மூடியைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். அப்படியானால் உங்கள் 1,400 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர 33 யூனிட் அளவில் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டர் அதற்குப் பதினோரு மணி நேரம் ஓடும். தண்ணீர் மாற்றும்போது மட்டும் வரும் செலவு இது. மாதக் கட்டணத்தை ஏற்றுவது, சூடான தண்ணீர் இரவும் பகலும் இழந்துகொண்டிருக்கும் வெப்பம்தான். அதிலும் ஆவியாதலே பெரும் திருடன். 38 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் அதனோடு சுமார் 0.67 யூனிட் வெப்பமும் போய்விடுகிறது. மூடியின் விளிம்பில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்து, குளிர்ந்த காலையில் அதன் வழியே ஆவி புகைந்துகொண்டிருந்தால், உங்கள் மின்சாரம் கண்ணெதிரே போகிறது என்று பொருள்.

மூடியைத் தூக்கியும் பாருங்கள். உள்ளிருக்கும் ஃபோம் பலகையைச் சுற்றிய உறை கிழிந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் ஆவியை உறிஞ்சி அது ஊறிப்போகும். புதிதில் ஒருவரே எளிதாக மடித்த மூடியை இப்போது இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தால், அதன் வெப்பத் தடுப்பு போய்விட்டது. வெயிலில் காயவைத்துச் சரிசெய்ய முயன்று நான் ஒரு பருவத்தையே வீணாக்கினேன். ஊறிய ஃபோம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஊகத்தை விட்டு அளந்து பாருங்கள். உறைபனி இல்லாத ஓர் இரவில் மூடியைப் போட்டு, தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, டப்பின் இணைப்பை அணைத்துவிடுங்கள். பத்து மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, எத்தனை டிகிரி குறைந்ததோ அதை 1.6 ஆல் பெருக்குங்கள். உங்கள் டப் அந்த இரவில் இழந்த யூனிட் அதுதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்ட அந்த வழுக்கல் எனக்குக் கவலை தருகிறது. அது அழுக்கு மட்டுமன்று; நுண்ணுயிர்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் படலமாக இருக்கக்கூடும். கைக்குத் தட்டுப்படும் இடத்திலேயே இருந்தால், குழாய்களுக்குள்ளும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். என் வீட்டில் இதை அலட்சியப்படுத்தியதால், இரண்டு நாளில் என் மகளுக்கு நீச்சலுடை மூடியிருந்த இடமெல்லாம் சிவந்த கொப்புளங்கள் வந்தன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வருவது என்று மருத்துவர் சொன்னார். லெஜியோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவும் இதே வெதுவெதுப்பில் பெருகக்கூடியது. தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் கிளப்பும் நுண்துளிகளோடு அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய்விடும்.

ஆகவே, சரிசெய்யும் வரை உங்கள் மனைவி அதில் இறங்க வேண்டாம். குழாய்ப் படலத்தைக் கரைக்கும் திரவத்தைப் பழைய தண்ணீரிலேயே ஊற்றி, அதன் உறையில் சொல்லியிருக்கும் நேரம் வரை பம்பை ஓடவிடுங்கள். பழுப்பு நிறத்தில் நுரை பொங்கி வருவதைப் பார்த்தால் குமட்டும். அது வெளியே வருவதுதான் நல்லது. பிறகு முழுவதும் வடித்து, துடைத்து, ஃபில்டரைப் புதிதாகப் போட்டு நிரப்புங்கள்.

அதன்பின் கிருமிநாசினியான குளோரின் 3 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 3 பங்கு), அதற்குப் பதில் புரோமின் என்றால் 4 பிபிஎம்முக்கும் குறையக்கூடாது, தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்புகளுக்குச் சொல்லும் அளவுகள் இவை. வெந்நீரில் குளோரின் விரைவாகத் தீர்ந்துவிடுவதால், நீச்சல் குளத்துப் பழக்கம் இங்கே உதவாது. இறங்குவதற்கு முன் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பதும், வெளியே வந்தபின் கிருமிநாசினி போடுவதும் ஐந்து நிமிட வேலை. மொத்தக் காரத்தன்மையை (பிஎச் எளிதில் மாறாமல் தாங்கும் திறன்) முதலில் 80 முதல் 120 பிபிஎம்முக்குள் நிறுத்திவிட்டுப் பிறகு பிஎச்சைத் தொடுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுமே நிலைகொள்ளாது. வாரம் ஒருமுறை ஃபில்டரின் மடிப்புகளுக்கு இடையே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

டைகுளோர் என்ற குளோரின் துகளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதிலிருந்து வரும் சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போய்க் குளோரினின் வேகத்தை மட்டுப்படுத்திவிடும். அதை நீக்கத் தண்ணீரை மாற்றுவதே வழி. எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீரை வடிப்பதற்கு முன் அளந்து பார்த்தோம். இரவு 38 டிகிரி, காலையில் 34. அதாவது பத்து மணி நேரத்தில் சுமார் ஆறரை யூனிட் போயிருக்கிறது. மூடியை நானும் என் தம்பியும் சேர்ந்து தூக்கியபோது நடு மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுநாள் இரவு, குமிழ் விரிப்பு (காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பு) ஒன்றை டப்பின் வடிவத்துக்கு வெட்டித் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, அதே பழைய மூடியைப் போட்டோம். அதே அளவு குளிர் இருந்தும் 38 டிகிரி 35.5 வரைதான் இறங்கியது.

குழாய்களையும் நீங்கள் சொன்னபடி சுத்தம் செய்துவிட்டோம். நுரையைப் பார்த்தபின் உங்கள் எச்சரிக்கையின் பொருள் விளங்கியது. அணைத்து வைப்பது பற்றிய ஐயம் மட்டும் இன்னும் இருக்கிறது. மீண்டும் சூடேற்றவே அதிகம் செலவாகும் என்று சிலர் சொல்கிறார்களே?

மறுமொழி 3

அது பரவலாக நம்பப்படும் தவறு. தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடோ அவ்வளவு இழப்பு. வெளியே 10 டிகிரி இருக்கும்போது 38லிருந்து 30க்குக் குறைத்து வைத்தால், வேறுபாடு 28லிருந்து 20 ஆகிறது; இழப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது. திரும்பச் சூடேற்றும் செலவு, இடையில் ஹீட்டர் ஓடாமல் மிச்சமானதை ஒருபோதும் மிஞ்சாது. ஆனால் தினமும் மாலையில் இறங்குபவர்களுக்கு இதில் கிடைக்கும் மிச்சம் சொற்பம். உங்கள் மனைவிக்காக 37 அல்லது 38 டிகிரியில் அப்படியே வைத்திருங்கள். நான்கைந்து நாள் வெளியூர் போனால் குறையுங்கள். குறைத்தாலும் கிருமிநாசினியும் பம்பின் சுழற்சியும் நிற்கக்கூடாது, ஏனெனில் 30 டிகிரி கிருமிகளுக்கு உகந்த சூடுதான். உறைபனி விழும் ஊரானால், அசையாமல் நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும்.

உங்கள் மின் இணைப்பில் இரவுக்கு மலிவான கட்டணம் இருந்தால் ஹீட்டரின் நேரத்தை அதற்கேற்ப அமைக்கலாம். காற்று கலக்கும் ஜெட்டைத் தேவையின்றி ஓட்ட வேண்டாம்; குளிர்ந்த காற்றைத் தண்ணீருக்குள் தள்ளி அது சூட்டை வாங்கிக்கொள்கிறது.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: 40 டிகிரிக்கு மேல் ஒருபோதும் ஏற்றாதீர்கள். இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. பழைய டப் என்பதால், 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் சரியாக வேலை செய்கிறதா என்று மின் பணியாளரை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

மறுமொழி 1

நீங்கள் அளந்து எழுதியது பலருக்கும் பயன்படும், நன்றி. புதிய மூடி வாங்கும்போது பழைய மூடியை அளக்காமல் டப்பையே அளந்து கொடுங்கள், ஏனென்றால் ஊறிய மூடி தொய்ந்து வடிவம் மாறியிருக்கும். மூலைகளின் வளைவைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். நடு மடிப்பின் அடியிலும் முழு நீளத்துக்கு வெப்பத் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்குத் தண்ணீர் சொட்டிய அதே இடத்தில்தான் மலிவான மூடிகள் ஆவியை விட்டுவிடுகின்றன. குமிழ் விரிப்பை எறிந்துவிட வேண்டாம்; புதிய மூடிக்கு அடியிலும் அது மிதக்கட்டும், ஃபோமை ஆவியிலிருந்து காப்பாற்றும்.