பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டுவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்துக்கு ஒன்பது பேர், 4-ம் எண் பந்து. கோல்கீப்பர் தூக்கி அடிக்காமல் டிஃபெண்டருக்குத் தட்டிவிட்டு, அங்கிருந்து பாஸ் செய்தே முன்னேற வேண்டும் என்பது எங்கள் அணியின் கொள்கை.

பயிற்சியில் நான்கு பேருக்கு நடுவே இரண்டு பேரை விட்டு, அவர்களிடம் சிக்காமல் பந்தைப் பாஸ் செய்யும் ரோண்டோ ஆடினால் அழகாக வருகிறது. மேட்ச்சில் எதிரணி ஸ்ட்ரைக்கர் ஓடிவந்து நெருக்கினால் போதும், சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) தலையைக் குனிந்து பந்தையே பார்க்கிறான். பறிகொடுத்தால் நேராகக் கோல்தான். கோட்டுக்கு வெளியே அப்பாக்கள் "தூக்கி அடிடா!" என்று கத்த, பையன் யார் பேச்சைக் கேட்பான், பாவம்.

பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன். ரோண்டோவில் முன்னேற வேண்டிய திசை என்று எதுவும் இல்லை. அதனால் சின்ன கோல்கள் வைத்து, தாக்குபவர்களைவிட டிஃபெண்டர்கள் ஒருவர் கூடுதலாக இருக்கும்படி ஆடவிடலாமா? வேறு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. வயது வரம்புத் தேதியை அடுத்த முதல் மாதங்களில் பிறந்து, அணியில் மூத்தவர்களாக இருப்பவர்கள் உடல்வாகால் தேர்வில் முந்திவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்களிடம் கடைசி மாதத்தில் பிறந்த ஒரு பொடியன் இருக்கிறான். முதல் டச் (வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்குவது) அபாரம், மோதினால் விழுந்துவிடுகிறான். அவனை நடுக்களத்திலேயே வைப்பதா, கொஞ்ச நாள் விங்கில் (களத்தின் ஓரத்தில்) விடுவதா?

பெற்றோரிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.