வேலைத்தள அறிவிப்பு விட்ஜெட்: தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

இணையத்தில் விலை போட்டு வேலை எடுக்கும் தளங்களுக்கு மேசைக்கணினி விட்ஜெட் ஒன்றை முன்மொழிகிறேன். திரை ஓரத்தில் நிற்கும். நாங்கள் குறித்துவைத்த திறனுக்கும் ஆகக்குறைந்த தொகைக்கும் பொருந்தும் புதிய வேலை வந்தால் காட்டும். போட்ட விலை தெரிவானதா, கழிந்ததா என்பதும் அதிலேயே தெரியும். பிறவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா சும்மா புதுப்பிக்கத் தேவையில்லை.

தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் தளத்திடம் தரவு கேட்கும் வழி) 60 செக்கனுக்கு ஒருமுறை கேட்டால் போதும். முன்பு வந்த பதிலின் அடையாளத்தையும் சேர்த்துக் கேட்டால், தளம் அதற்கு இடம் கொடுத்திருந்தால், மாற்றம் இல்லாதபோது சேர்வர் 304 என்ற குறியீட்டை மட்டும் சொல்லும், டேட்டா பெரிதாகப் போகாது. 429 வந்தால் கூடக் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம்; சேர்வர் சொல்லும் செக்கன் வரை பொறுக்க வேண்டும். உடனே திரும்பக் கேட்கிற நிரல்தான் கணக்கை முடக்க வைக்கும்.

பெயருக்கு என் முன்மொழிவு: ஏல அறிவித்தல் சாளரக்கூறு.

* * *

> ஏல அறிவித்தல் சாளரக்கூறு

அண்ணா, திட்டம் நல்லது. பெயரில் மூன்று சொல்லும் இடிக்கிறது.

ஏலம் என்றால் விலை ஏறும். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன் ஏலம் கூறும்போது ஆகக்கூடக் கேட்டவருக்குத்தான் மீன். இங்கே விலை இறங்குகிறது. ஆகக்குறையக் கேட்டவருக்கு வேலை என்றும் இல்லை. விலை, நாள் கணக்கு, முன்பு செய்த வேலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 'கேள்வி' நல்ல பழைய சொல், பத்திரிகையில் கேள்வி கோரல் என்று இன்றைக்கும் வருகிறது. ஆனால் திரையில் 'புதிய கேள்வி 3' என்று கண்டால் யாரும் வினா என்றுதான் வாசிப்பார்கள். ஒப்பந்தப்புள்ளி தமிழ்நாட்டு அரச வழக்கு. இலங்கையில் எங்கள் திணைக்களங்கள் எழுதுவது விலைமனு. அதை எடுப்போம்.

'அறிவித்தல்' பிழையில்லை. என்றாலும் அதைத் தனியே கண்டால் எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல்தான் முதலில் ஞாபகம் வரும். கைபேசியில் 'அறிவிப்பு' பழகிவிட்டது.

சாளரக்கூறு என்பது நிரல் எழுதுபவரின் சொல். ஜிரிகே, கியூட் போன்ற, செயலியின் திரையை அமைக்கும் நிரல் தொகுதிகளில் பொத்தான், உரைப்பெட்டி எல்லாமே விட்ஜெட்தான். அந்தப் பொருளுக்கு அது சரி. திரையில் நிற்கும் சின்னப் பெட்டிக்குப் 'பலகை' போதும்.

இன்னொன்று. நீங்கள் கேட்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. நிற்பது பலகை, எழும்பி மறைவது மேலெழு அறிவிப்பு. லினக்ஸில் மேலெழுவதை நோட்டிபிகேசன் சேவையிடம் டி-பஸ் (செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வழி) வழியாகக் கொடுக்கிறோம். காலாவதி நேரம் மில்லிசெக்கனில்: 0 என்றால் தானாக மறையாது, -1 என்றால் சேவையின் விருப்பம். லினக்ஸின் மேசைச்சூழலான குனோம் இந்த நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை, அதனால் அதை நம்பி 'இன்னும் 10 செக்கன்' என்று எதையும் எழுதவேண்டாம். ஒரே வேலையின் நிலை மாறினால் பழைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்து அதையே மாற்றலாம், புதிது புதிதாக அடுக்கத் தேவையில்லை.

விண்டோஸில் பலகையைப் பழைய கேட்ஜெட்டாக (முன்பு மேசைத்திரையில் வைத்த சின்னச் செயலி) செய்ய நினைக்கவேண்டாம். பாதுகாப்பு ஓட்டை காரணமாக மைக்ரோசொஃப்ட் 2012இல் அதைக் கைவிட்டுவிட்டது. தனிச் செயலியாகத்தான் எழுத வேண்டும்.

* * *

'வேலைகாட்டி' எப்படி? திசைகாட்டி, நாட்காட்டி மாதிரி. சுருக்கமும் கூட.

* * *

> வேலைகாட்டி

ஏதாவது கெடுத்துவிட்டால்தான் ஊரில் 'வேலையைக் காட்டிப்போட்டுது' என்று சொல்வார்கள், தெரியும்தானே. விட்ஜெட் ஒருநாள் தொங்கி நின்றால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். 'வேலைவரவு' என்றும் யோசித்தேன். ஆனால் வரவு என்றால் காசு வந்தது என்று எடுப்பார்கள், அதே தளத்தில் பணக் கணக்கும் இருக்கிறது. 'பணிப்பலகை'யும் சரிவராது, திரை அடியில் இருக்கும் பணிப்பட்டைக்குப் பக்கத்தில் குழப்பம்.

தம்பி சொன்ன விலைமனுப் பலகை எனக்குச் சரி. உள்ளே வருவது மேலெழு அறிவிப்பு. என் மூன்று சொல்லையும் விடுகிறேன்.

பிஓ கோப்பில் (மொழிபெயர்த்த வரிகள் இருக்கும் கோப்பு) கவனிக்க வேண்டியவை. ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் ஒரே சொல், bid. எந்த இடத்துச் சொல் என்று காட்டும் சூழல் வரி போடாவிட்டால், அந்தக் கோப்பை வாசிக்கும் கெட்டெக்ஸ்ட் கருவி இரண்டுக்கும் ஒரே மொழிபெயர்ப்பைத்தான் எடுக்கும். பொத்தானில் 'விலைமனு இடு', பட்டியலில் 'விலைமனு' என்று பிரிக்க வேண்டும். பன்மைக்கு இரண்டு வடிவம்: '1 புதிய வேலை', '5 புதிய வேலைகள்'.

எழுத்து வெட்டுவதுதான் பெரிய கரைச்சல். விலைமனு எங்கள் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறி (உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படும்), அதைச் சேமிக்கும் யூரிஎஃப்-8 முறையில் 21 பைட். குறியை எண்ணி 6இல் வெட்டினால் 'விலைமன' ஆகிவிடும். பைட்டை எண்ணி 20இல் வெட்டினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் வினாக்குறி. வேலைத் தலைப்பைச் சுருக்கும் இடமெல்லாம் முழு எழுத்து எல்லையில் வெட்டும் நூலகத்தைப் பாவிக்க வேண்டும்.

நேரம்: தளம் தருவது யூரிசி, அதாவது உலகப் பொது நேரம். எங்களுக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். மணியை மட்டும் முழு எண்ணாகக் கூட்டும் நிரலில் 18:00க்கு மூடும் வேலை இரவு 11:30க்குப் பதில் 11:00க்கு மூடுவதாகக் காட்டும். மூடிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கரன்ட் போய் வந்தால் தவறிய எல்லாம் ஒரேயடியாக எழும்பும். அதற்குக் கடைசியாகக் கண்ட வேலையின் எண்ணை டிஸ்கில் சேமித்து, 5க்கு மேல் இருந்தால் 'புதிய வேலைகள் 12' என்று ஒரே அறிவிப்பாகக் காட்டலாம்.

போட்ட விலையைத் திரும்ப எடுப்பதற்கு 'மீளப்பெறு' என்று வைத்திருக்கிறேன். ஆனால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறும் பொத்தானிலும் அதே சொல்தான் கிடக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். விலைமனுவுக்கு 'விலக்கிக்கொள்' சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.