'கோமார்கா'வுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

பனாமாவின் நிர்வாகப் பிரிவுகளில் மாகாணம், மாவட்டம் இரண்டும் தமிழில் தொந்தரவு தரவில்லை. இடறுவது 'கோமார்கா', அதாவது தொல்குடி மக்களுக்கென வகுத்த நிலப்பகுதி. இதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'தன்னாட்சி மாவட்டம்' பொருந்தாது. குனா யாலா என்ற கோமார்காவைப் பாருங்கள்: கரீபியக் கரையோரம் கொலம்பிய எல்லைவரை ஒடுங்கி நீளும் காட்டு நிலம், எதிரே முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள். 1953ஆம் ஆண்டின் 16ஆம் சட்டம் வகுத்த இதன் அமைப்பில் மாவட்டம் என்ற படியே இல்லை. நர்கானா, ஐலிகாந்தி, துபுவாலா, புவெர்த்தோ ஒபால்தியா என்ற நான்கு கொரெகிமியெந்தோக்கள் (மாவட்டத்துக்கு அடுத்த கீழ்ப்படிப் பிரிவுகள்) நேராக அதன்கீழ் வருகின்றன. ங்கோபே-புக்லே என்ற இன்னொன்றிலோ கோமார்காவுக்குள்ளேயே மாவட்டங்கள் உண்டு. அங்கே 'மாவட்டத்துக்குள் மாவட்டம்' என்று எழுத நேரும்.

இன்னொன்று, எல்லாக் கோமார்காவும் ஒரே உயரத்தில் இல்லை. குனா யாலா மாகாணத்துக்கு நிகர். மதுகாந்தியும் வர்காந்தியும் மாகாணத்துக்குள் கொரெகிமியெந்தோ அளவில் நிற்பவை. ஆகவே சொல்லில் படிநிலை தொனிக்கவே கூடாது. பொதுவாக இருப்பது, நிலம் தனியாருக்கு விற்க முடியாத கூட்டு உடைமை என்பதும், அந்தக் குடிக்குச் சொந்தப் பேரவை உண்டு என்பதும்தான். சோழர் காலப் பிரிவுப்பெயரை எடுத்து 'குடிக்கூற்றம்' எனலாமா?

*

ஐயா, காரணம் சரி, சொல் வேண்டாம். கூற்றம் என்றால் எமனும்தான். 'குடிக்கூற்றம்' என்பதை மதுவிலக்குப் பிரச்சாரமாகவே படிப்பார்கள்!

'தொல்குடிப்புலம்' என்று வைக்கலாம். புலத்தில் நிலமும் உண்டு, உயரம் இல்லை. ஆனால் 'குனா யாலா' என்றாலே குனா மக்களின் நிலம்; பின்னால் 'புலம்' சேர்த்தால் கூறியது கூறல். ஓடும் உரையில் பெயரை மட்டும் எழுதி, அட்டவணைத் தலைப்பில் மட்டும் தொல்குடிப்புலம் என்று போட்டால் போதும். 'தீவுக்கூட்டம்' என்று விளக்குவதையும் விட்டுவிடுங்கள், கரைநிலம் காணாமல் போகிறது. 2024இல் கார்தி சுக்துப் தீவிலிருந்து சுமார் 300 குடும்பங்கள் குடிபெயர்ந்த ஊர் அந்தக் கரைநிலத்தில்தான் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. நிகராகுவாவிலும் 'கோமார்கா' வரும்; அங்கே அது நகராட்சிக்கு உட்பட்ட கிராமப்புறத் துண்டு. தேடி-மாற்று போட்டால் அவையெல்லாம் தொல்குடிப்புலம் ஆகிவிடும். அவற்றுக்கு 'ஊர்ப்பிரிவு'. அதே நாட்டில் பில்வி, புளூஃபீல்ட்ஸ் தலைநகரங்களாக உள்ள இரண்டு கரீபியக் கரைப் பிரிவுகள் 1987ஆம் ஆண்டின் 28ஆம் சட்டப்படி தன்னாட்சி பெற்றவை. 'தன்னாட்சி வட்டாரம்' என்ற சொல்லை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

கொரெகிமியெந்தோவுக்குக் 'குறுவட்டம்' வேண்டாம். நம் குறுவட்டத்தில் இருப்பவர் வருவாய் ஆய்வாளர். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. தனி இழையில் பேசுவோம்.