தெற்கு ரதவீதி கடைக்காரங்க குரூப்

சங்கப் பொருளாளர்: எல்லாருக்கும் வணக்கம். வருசச் சந்தா 600ஐ 1200 ஆக்கலாம்னு கமிட்டில பேசிருக்கோம். மாசம் 100 கணக்கு. கருத்து இருந்தா சொல்லுங்க.

பாத்திரக்கடை: தொகை சரிதான் அண்ணாச்சி. ஆனா நம்ம பைலாவுலயே, அதான் சங்க விதிகள்லயே, 600ன்னு எழுதியிருக்கு. அத மாத்த பொதுக்குழு கூட்டணும். 21 நாளுக்கு முன்ன நோட்டீஸ் போகணும், வந்து ஓட்டுப் போடுதவங்கள்ல நாலுல மூணு பங்கு ஆதரவு வேணும். 1975 சங்கப் பதிவுச் சட்டம் அப்படி. குரூப்ல ஓகே போட்டா தீர்மானமாகாது.

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி: ஆமா. திருத்தத்த மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச பிறகுதான் புதுச் சந்தா வாங்கணும். தொகையே போடாம ‘பொதுக்குழு நிர்ணயிக்கும் சந்தா’ன்னு மாத்திருங்க, அடுத்த தடவ இந்த அலைச்சல் இருக்காது.

மளிகை அண்ணாச்சி: 1000 தாண்டுனா ஜிஎஸ்டி உண்டுன்னு சொல்லுதாங்களே தம்பி?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி: லாப நோக்கில்லாத வியாபாரச் சங்கத்துக்கு, ஒரு உறுப்பினர்ட்ட வருசம் 1000 வரைக்கும் வாங்குத சந்தாவுக்கு விலக்கு. 1200 அதத் தாண்டுது, நெசந்தான். ஆனா சங்கத்தோட மொத்த வரவு வருசம் 20 லட்சத்தத் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி பதிவே எடுக்கணும். 210 கடைக்கு 2,52,000. மாடி மண்டப வாடகை மாசம் 60,000ன்னா 7,20,000. ஆக 9,72,000. பயப்பட வேண்டாம். வாடகையச் சேக்காம கணக்குப் பாத்துதான் பல சங்கம் மாட்டுது.

ரெடிமேட் கடை அக்கா: கட்டுன சந்தாவ கடைச் செலவுல எழுதலாமா?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி: எழுதலாம்க்கா. ரசீது கடை பேர்ல இருக்கணும், பணம் கடை அக்கவுண்ட்லருந்து போகணும். கோயில் கொடைக்குக் குடுத்தத அதே ரசீதுல சேக்காதீங்க. வருமான வரிக்கு விற்பனைல 6, 8 சதவீதம் உத்தேச லாபம் காட்டுதவங்க இதத் தனியா கழிக்க முடியாது.

செல்போன் கடை: நான் இந்தத் தெருவுக்குப் புதுசு. சந்தாவுக்கு என்ன கிடைக்கும் அண்ணாச்சி?

மளிகை அண்ணாச்சி: எங்கள மாதிரி கடைக்கு தராசு முத்திரை முகாம் ஒண்ணே போதும், அதான் தராச சோதிச்சு அரசு முத்திரை வைக்குத முகாம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருசம் ஒருக்க, எடைக்கல்லுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க முத்திரை வைக்கணும். தனியா தூக்கிட்டுப் போனா அன்னைக்கு யாவாரம் போச்சு. முகாம்னா தெருவுலயே முடிஞ்சிரும். ஒண்ணு கவனிங்க: தராசுல கம்பியோட ஈய சீல் இருக்கும். ரிப்பேருக்குத் தொறந்தா அது அறுந்துரும். வருசம் முடியலன்னாலும் மறுபடி முத்திரை போட்டுத்தான் நிறுக்கணும். நிறைய பேருக்கு அபராதம் விழுதது இதுலதான்.

பாத்திரக்கடை: செல்போன் கடைத் தம்பி, இன்னொண்ணு. சங்க கார்டு வேற, வணிகர் நல வாரிய அட்டை வேற. வாரியம் 1989ல அரசு அமைச்சது, வணிகவரித் துறை பாக்குது. உறுப்பினர் இறந்தா வீட்டுக்குக் குடும்பநல நிதி வரும். சங்கத்துல சந்தா கட்டுனா அதுல தானா சேந்துர மாட்டோம், தனியா விண்ணப்பிக்கணும். ஆதார்லயும் கடைப் பதிவுலயும் பேர், இனிஷியல் ஒண்ணா இருக்கான்னு இப்பமே பாத்துக்கிடுங்க. பின்னால வீட்டுப் பொம்பளைங்க ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது.

ரெடிமேட் கடை அக்கா: இது எல்லா கடைக்காரங்களுக்கும் தெரியணும். ஆபீஸ்ல ஒரு நாள் உக்காந்து விண்ணப்பம் பதிஞ்சு குடுத்தா என்ன?

சங்கப் பொருளாளர்: செய்யலாம்மா. பொதுக்குழு அன்னைக்கே வச்சிருவோம். ஆதார், போட்டோ, கடைப் பதிவு நகல் கொண்டு வாங்க. நோட்டீஸ் நாளைக்கே அடிக்கச் சொல்லுதேன். தராசு முகாமுக்குப் பேர் குடுக்கதவங்க மாடல், சீரியல் நம்பர், போன வருசச் சான்று மூணையும் போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க.

மளிகை அண்ணாச்சி: எனக்கு தராசு ரெண்டு, எடைக்கல் ஒரு செட். எழுதிக்கிடுங்க.