வில்லியம் வாலஸின் அப்பா யார்: மால்கமா, ஆலனா?

செந்தாழை:
ஸ்காட்லாந்தின் காவலராக (அரசருக்குப் பதிலாக நாட்டை நிர்வகிப்பவர்) இருந்து, 1305 ஆகஸ்ட் 23 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் கொல்லப்பட்ட வில்லியம் வாலஸைப் பற்றி எங்கே படித்தாலும் அவருடைய அப்பா "எல்டர்ஸ்லி சர் மால்கம் வாலஸ்" (எல்டர்ஸ்லி ஸ்காட்லாந்தில் ஓர் ஊர்) என்றே எழுதியிருக்கிறார்கள். அது தவறு என்கிறேன்.

ஸ்டர்லிங் பாலச் சண்டையில் ஆங்கிலப் படை தோற்றது 1297 செப்டம்பர் 11. சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11 அன்று, வாலஸும் அவரோடு சேர்ந்து ஸ்காட்லாந்துப் படையை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் ஹாடிங்டனிலிருந்து ஜெர்மானிய வணிக நகரங்களான லூபெக், ஹாம்பர்க் நகரத்தாருக்கு லத்தீனில் ஒரு கடிதம் அனுப்பினார்கள். நாடு ஆங்கிலேயர் பிடியிலிருந்து போரால் மீண்டுவிட்டது, உங்கள் வணிகர்கள் பயமில்லாமல் சரக்கு கொண்டுவரலாம் என்பது சாரம். ஜான் பர்னெட், ஜான் ஃப்ரேர் என்ற இரு வணிகர்களின் வேலையை முடித்துக்கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். லூபெக்குக்குப் போன அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் தொங்கும் மெழுகு முத்திரையின் பின்பக்கத்தில் வில்லும் அம்பும். சுற்றிலும் "ஆலன் வாலஸின் மகன் வில்லியம்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. தன் அப்பா யார் என்று அவரே சொன்ன பிறகு நாம் எதற்கு வேறு பெயர் எழுத வேண்டும்?

வடகரையான்:
இவ்வளவு அவசரம் வேண்டாம் நண்பரே. அந்த முத்திரை உடைந்தது, எழுத்து முழுசாக இல்லை. மால்கம் என்ற பெயரோ காற்றில் பிறந்ததில்லை. 1470களில் கவிஞர் பிளைண்ட் ஹாரி தன் நெடும்பாடலில் அதைச் சொல்கிறார். அம்மா, ஏர் வட்டாரத்து ஷெரிஃப் (அரசரின் வட்டார அதிகாரி) ரெஜினால்ட் கிராஃபோர்டின் மகள் என்கிறார். அந்த கிராஃபோர்டு நிஜ மனிதர், 1296 ஆவணங்களில் ஷெரிஃபாகவே வருகிறார். ஹாரி கேட்டு எழுதியது அந்த மண்ணில் தலைமுறையாகச் சொல்லிவந்த கதை.

இன்னொன்று: வில்லியமின் அண்ணன் பெயரும் மால்கம். மூத்த பிள்ளைக்கு அப்பா பெயரோ தாத்தா பெயரோ வைப்பது அங்கே சாதாரணம்.

செந்தாழை:
உடைந்தது உண்மை. ஆனால் எங்கே உடைந்தது என்று பாருங்கள். வில்லியம் என்ற பெயரின் தொடக்கம்தான் போயிருக்கிறது. "ஆலன் வாலஸின் மகன்" என்ற பகுதி தெளிவாக வாசிக்கும்படி இருக்கிறது. கடிதமும் வாலஸ் பெயரில் வந்தது. சந்தேகத்துக்கு இடம் எங்கே?

ஹாரிக்கு வருகிறேன். வாலஸ் இறந்து சுமார் 170 வருடம் கழித்து எழுதியவர் அவர். செயின்ட் ஆல்பன்ஸ் வரைக்கும் வாலஸைப் படையோடு கொண்டுபோய், இங்கிலாந்து ராணியே வந்து அவரிடம் சமாதானம் கெஞ்சுவதாகப் பாடுகிறார். வாலஸ் வட இங்கிலாந்துக்குள் புகுந்த 1297 இறுதியில் அங்கே ராணியே கிடையாது. எலினோர் இறந்தது 1290-இல், அரசர் எட்வர்ட் அடுத்து மார்கரெட்டை மணந்தது 1299-இல். வாலஸின் குருவானவர் ஜான் பிளேர் லத்தீனில் எழுதிய நூலைப் பார்த்தே பாடினேன் என்றும் ஹாரி சொல்கிறார். அப்படி ஒரு நூல் யார் கையிலும் கிடைத்ததே இல்லை. ராணி விஷயத்திலேயே இப்படி என்றால், அண்ணன் பெயரை அப்பாவுக்குச் சூட்டியிருக்க மாட்டாரா?

அதோடு, 1296-இல் எட்வர்டுக்கு விசுவாசம் எழுதிக்கொடுத்தவர்களின் பட்டியலான ராக்மன் ரோலில் 1500-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஏர்ஷயரில் (ஏர் வட்டாரம்) அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்த ஓர் ஆலன் வாலஸ் இருக்கிறார். எல்டர்ஸ்லி மால்கம் இல்லை.

பவளமல்லி:
செந்தாழை அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். வாலஸ் என்ற பெயரே "வெல்ஷ்காரர்" அல்லது "பிரிட்டன் இனத்தார்" என்ற பொருளில் வந்தது. இந்தக் குடும்பத்தில் முதலில் பேசப்படுபவர் 12-ஆம் நூற்றாண்டு ரிச்சர்ட் வாலஸ். ஸ்டூவர்ட் வம்சத்து முன்னோரான வால்டர் ஃபிட்ஸ்ஆலனிடம் நிலம் பெற்றவர். கில்மார்னாக் பக்கத்தில் இருக்கும் ரிக்கார்ட்டன் அவர் பெயரால் அமைந்த ஊர். ஃபிட்ஸ்ஆலன் என்றாலே "ஆலனின் மகன்" என்றுதான் அர்த்தம். பிரிட்டனியிலிருந்து வந்த அந்தப் பிரபு வீட்டில் ஆலன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களை அண்டி வாழ்ந்த வாலஸ் வீட்டிலும் ஒருவருக்கு ஆலன் என்று வைத்திருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

வடகரையான்:
நல்ல தகவல் பவளமல்லி. ஆனால் ராக்மன் ரோலில் பெயர் இல்லை என்பதை வைத்து மட்டும் ஒருவரை இல்லாமலாக்க முடியாது. வில்லியம் பெயரும்தான் அதில் இல்லை, அவர் பிறக்கவே இல்லை என்போமா? இறந்துபோனவரும் கையெழுத்துப் போட மறுத்தவரும் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்கள்?

முத்திரையை மறுபடி நிதானமாக யோசித்தேன். எழுத்து நீங்கள் சொன்ன இடத்தில் உடைந்திருக்கிறது என்றால் அப்பா பெயர் ஆலன் என்பதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு வாதங்களை வைத்துவிட்டீர்கள். முத்திரையில் இருக்கும் ஆலனும் ஏர்ஷயர் ஆலனும் ஒரே ஆள் என்று எந்த ஆவணம் சொல்கிறது? முத்திரையில் ஊர் பெயர் இல்லையே. ஒரு பெயர் ஒத்துப்போனதற்காக எல்டர்ஸ்லியையே வரைபடத்திலிருந்து அழிக்கப் பார்க்கிறீர்கள்.

செந்தாழை:
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. இரண்டு ஆலனும் ஒருவரே என்பது என் ஊகம்தான். பெயர், காலம், ரிக்கார்ட்டன் குடும்பத்துக்குப் பக்கத்து நிலம் மூன்றும் சேர்வதால் வலுவான ஊகம் என்று நினைக்கிறேன். இனி அதை ஊகம் என்றே எழுதுகிறேன்.

எனக்கு மனசு ஆறாதது வேறு. இவருடைய வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி எதிரிகள் எழுதிய வழக்குப் பதிவு, பிற்காலப் புகழ்ப்பாட்டு. தான் யாருடைய பிள்ளை என்று அவர் சொன்னது அந்தச் சின்ன மெழுகு வட்டத்தில் மட்டும்தான் மிச்சம். அதைத் தாண்டிப் போய் இன்னொருவரை அப்பா என்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

பவளமல்லி:
அப்படியானால் அண்ணன் மால்கமை எங்கே வைப்பது?

செந்தாழை:
வில்லியமின் சகோதரராகவே. அதற்கு ஹாரி தேவையில்லை. 1299 ஆகஸ்டில் பீபிள்ஸில் ஸ்காட்லாந்துத் தலைவர்கள் கூடியதைப் பற்றி ஆங்கிலேயருக்குப் போன ஒற்றர் அறிக்கை இருக்கிறது. அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகிறார் என்று சொல்லி வில்லியமின் நிலத்தையும் பொருளையும் டேவிட் கிரேயம் கேட்கிறார். தம்பி நாட்டின் நன்மைக்காகத்தான் போகிறான் என்று மால்கம் எதிர்க்கிறார். இருவரும் கத்தியை உருவிவிட்டார்கள். ஜான் என்று இன்னொரு சகோதரரும் உண்டு, அவரையும் 1307-இல் லண்டனில் கொன்றார்கள்.

வடகரையான்:
சரி. நான் தொகுக்கும் குடும்ப மரத்தில் அப்பா கட்டத்தில் ஆலன் என்று மாற்றுகிறேன். மால்கம், வில்லியம், ஜான் மூவரும் அவருக்குக் கீழே. ஊர் கட்டத்தில் எல்டர்ஸ்லியும் ஏர்ஷயரும் இரண்டும் இருக்கும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.