வைன் சொற்கள்: ஏடு, நாட்படு, இருப்பு (வெள்ளிக்குள் பதில் தேவை)

வாகை, பாரிஸ்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே உணவகச் சமையற்கட்டுகளில் பல காலம் நின்ற நம்மவர் சிலர் பரிமாறும் பக்கத்துக்கு மாறப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறோம். இம்முறை பாடம் பிரான்சின் ஜூரா மலையடிவாரத்துச் சிறு தோட்டக்காரரின் வைன். அதன் கைநூலுக்குச் சில தமிழ்ச் சொற்கள் வேண்டும். கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

சிறு தோட்டக்காரர் தானே பயிரிட்டு, தானே பிழிந்து, தானே போத்தலில் அடைக்கிறார். விளம்பரம் கிடையாது. பரிமாறுபவர் வாயால் சொல்லும் இரண்டு வசனந்தான் அந்தப் போத்தலுக்கு விளம்பரம். அங்கத்தைய ‘வான் ஜோன்’ என்ற மஞ்சள் வைனை எடுங்கள். சவாஞ்ஞான் திராட்சை. பீப்பாயில் வைன் ஆவியாகிக் குறையும்போது மற்ற இடங்களில் மேலும் ஊற்றி நிரப்புவார்கள். இதில் நிரப்புவதில்லை. அந்த வெற்றிடத்தில், வைனின் மேல், நொதியம் (ஈஸ்ட்) மெல்லிய போர்வையாய்ப் படரும். அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டு டிசம்பர் 15 வரை பொறுத்திருந்து, 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் போத்தலில் அடைப்பார்கள். ஒரு லிட்டரில் எஞ்சுவது அவ்வளவுதான் என்பது அங்கத்தைய கணக்கு. முதல்முறை குடிப்பவர் ‘பழுதாப் போச்சு’ என்று திருப்பி அனுப்புவார்.

எனக்கு வேண்டியவை: அந்தப் போர்வைக்கு ஒரு சொல், அதன் கீழ் இருந்த வைனைப் பழுதான வைனிலிருந்து பிரிக்கும் சொல், நிலவறையில் வைத்துப் பக்குவமாக்குவதற்கு ஒன்று, உணவோடு சேர்ப்பதற்கு ஒன்று.

நெய்தல், சென்னை:

எல்லாம் பாடநூலில் இருக்கிறதே. மென்படலம், ஆக்சிஜனேற்றம், முதிர்வு, இணை உணவு. படித்தவுடன் புரியும் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தோண்ட வேண்டும்?

சோலை, கம்பம்:

படலம் என்றால் எங்கள் ஊரில் கண்ணில் விழுவது. பாலில், தயிரில் மேலே கட்டுவது ஏடு. வாகை அக்கா சொல்லும் நொதியமும் மேலே கட்டுகிற ஒன்றுதான். ‘ஏடு’ என்றே போடுங்கள்.

‘முதிர்வு’ சரிப்படாது. நான் பன்னீர் திராட்சை போடுகிறவன். கொடியில் காய் பக்குவத்துக்கு வருவதைத்தான் முதிர்ச்சி என்போம். பீப்பாய்க்குள் நடப்பதற்கும் அதே சொல்லைப் போட்டால் எது எங்கே முதிர்ந்தது என்று எப்படித் தெரியும்?

வாகை:

சோலைத் தம்பி சொல்வது கைநூலிலேயே இடிக்கிறது. ஷாத்தோ ஷாலோன் என்பது மஞ்சள் வைனுக்குப் பெயர்போன ஜூரா ஊர். அந்தத் தோட்டக்காரர்கள் 1974, 1980, 1984, 2001 அறுவடைகளின் வைனுக்குத் தங்கள் ஊர்ப் பெயரையே இடவில்லை. திராட்சை போதிய தரத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வரியிலேயே ஆறாண்டுப் பீப்பாய்க் கதை வருகிறது. இரண்டுக்கும் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

பேராசிரியர், மதுரை:

அன்புடையீர், இதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே சொல் செய்து வைத்திருக்கிறார்கள். புறம் 392இல் ஔவையார் ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்கிறார். தேள் கொட்டினாற்போல் கடுக்கும், நாள்பட வைத்த கள். புறம் 120இல் கபிலர் ‘நிலம்புதைப் பழுநிய மட்டின் தேறல்’ என்கிறார். மண்ணில் புதைத்துப் பக்குவமாக்கியது. புறம் 129இல் குறவர் ‘வாங்கு அமைப் பழுநிய தேறல்’ குடிக்கிறார்கள். அது மூங்கிலுக்குள் வைத்தது. காலத்தைச் சுட்ட ‘நாட்படல்’, மாற்றத்தைச் சுட்ட ‘பழுநல்’. கலமும் இடமும்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன.

வைன் என்பதையே விட்டுவிடலாம். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறம் 56இல் நக்கீரர் பாடியது கடல் கடந்து வந்த இதே பொருளைத்தான். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, உரோமர் வைன் கொண்டுவந்த வகை இருகாதுச் சாடிகள் கிடைத்தன. தேறல் என்பது தேறு, தெளி என்னும் அடியில் வருவது.

நெய்தல்:

ஐயா, நீங்கள் சொன்ன வேரே இங்கு தடை. சிறு தோட்டக்காரர் பலர் வடிகட்டாமல் அடைக்கிறார்கள், கலங்கலாகவே இருக்கும். கலங்கிய ஒன்றைத் தெளிந்தது என்று எப்படிச் சொல்வது? வேதாகமத்துத் திராட்சரசமும் உதவாது. இன்று அது வெறும் சாறு. ஒயின் இருக்கட்டும்.

வாகை:

ஒயினோ வைனோ, இங்கே வைன் என்றுதான் சொல்லுவோம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

‘நாட்படு’ பற்றி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், ‘நாட்பட்டது எண்டால் பழசு, மீன் வாங்கேக்க வேண்டாம் எண்டு விடுவம்’ என்றார். இன்னொருவர் நாட்பட்ட வருத்தம், அதாவது தீராத நோய், என்றார். போரால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கள் பலர். இலக்கியம் வேண்டாதவர்கள் அல்லர். ஆனால் மேசை முன் நிற்கும்போது அந்தச் சொல் அவர்களுக்கு எதிராக வேலை செய்யும்.

பேராசிரியர்:

வாங்குபவர் வாயில் ஒரு சொல் தாழ்ந்துவிட்டது என்பதற்காக நாமும் கைவிட்டால், நம்மிடம் எஞ்சுவது சந்தைச் சொல் மட்டுமே. ‘பழுநிய’ என்பதில் மீனும் இல்லை, நோயும் இல்லை. அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்நிற வைனுக்குத் துவர்ப்பு என்று போடுவீர்கள் என நினைக்கிறேன். துவர்தல் என்றால் உலர்தலும் ஆகும். குமரி மாவட்டத்தில் துண்டை இன்றும் துவர்த்து என்பார்கள். வாயை உலர்த்தும் சுவைக்குத் துவர் என்று பெயரிட்டவன் நாக்கை நன்கு அறிந்தவன்.

நெய்தல்:

வேதியியலும் அதையே சொல்கிறது, ஐயா. டானின் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைகிறது, வழுவழுப்பு போய் வாய் வறள்கிறது. அது சுவையைவிடத் தொடு உணர்வு என்பார்கள். ஆனால் இனிப்பில்லாத வைனைப் பிரெஞ்சுக்காரர் ‘உலர்’ என்பார்கள். அதைத் துவர் என்று யாரும் பெயர்த்துவிடக் கூடாது. ‘இனிப்பற்றது’ போதும்.

நான் முதலில் தந்த ‘ஆக்சிஜனேற்றம்’ வேண்டாம். அந்த ஏடு காற்றுக்கும் வைனுக்கும் நடுவே நிற்கிறது. அது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அசிட்டால்டிகைடைத் தருகிறது. நாளடைவில் சோட்டலோன் என்ற மணப்பொருளும் சேர்கிறது. வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே சோட்டலோன்தான். உங்கள் மாணவர் முகர்ந்ததும் சொல்லிவிடுவார்கள்.

வாகை:

சொன்னார்கள்! வாதுமைக் கொட்டை என்று நான் எழுதி வைத்திருந்தேன். முகர்ந்தவுடனே ‘அக்கா, வெந்தயம்’ என்றது ஒரு பிள்ளை. குளிரவைத்துக் கொடுத்தால் அந்த மணம் எழும்பாது. 14 முதல் 16 பாகை செல்சியஸ்வரை இருக்க வேண்டும்.

சோலை:

அப்படியானால் ‘ஏடுகட்டிய வைன்’. ஏடு கட்டாமல் புளித்துப்போன பீப்பாய் ‘காடியானது’. ஒன்று நினைத்துச் செய்தது, மற்றது கைமீறியது.

பக்குவத்துக்கு ‘ஊறல்’ எப்படி?

நெய்தல்:

ஊறல் வேண்டாம் தம்பி. இங்கே போலீஸ் பிடித்துக் கொட்டும் கள்ளச்சாராயக் கலவையின் பெயர் அது.

உணவுக்கு ‘தொடுகறி’ வைத்தால்? தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்காத தமிழர் யார்?

வாகை:

தொடுகறி என்றால் உணவு வைனுக்குப் பின்னால் நிற்கிறது. ஜூராவில் அப்படியில்லை. கொம்த்தே பாற்கட்டியையும் மாதக்கணக்கில் நிலவறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். பழைய கொம்த்தேயின் உப்பும் கொட்டை ருசியும் ஏடுகட்டிய வைனில் போய் நிற்கும், வைனின் புளிப்பு கொம்த்தேயின் கொழுப்பை வெட்டும். ‘மோரெல்’ என்ற காளானோடு சமைத்த கோழிக்குச் சட்டியிலேயே மஞ்சள் வைனை விடுகிறார்கள். இரண்டும் சமம். ‘பொருத்தம்’ என்று போடுகிறேன். எந்த மாணவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பேராசிரியர்:

பொருத்தம், ஏடு, காடி மூன்றும் நன்று. பாற்கட்டியும் பழுநுகிறது, வைனும் பழுநுகிறது. ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள்.

வாகை:

வியாழன் இரவாகிவிட்டது. பட்டியல் இப்படிப் போகிறது: ஏடு, ஏடுகட்டிய, நிரப்பிய (மேலும் ஊற்றி, ஏடு கட்டவிடாதது), காடியானது, பொருத்தம், துவர்ப்பு, இனிப்பற்றது. பக்குவத்துக்குப் ‘பீப்பாயிருப்பு’, ‘போத்தலிருப்பு’. மரத்தில் நடப்பதும் கண்ணாடிக்குள் நடப்பதும் வேறு வேறு என்பதைப் பரிமாறுபவர் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டும் அதைப் பிரித்துக் காட்டுகின்றன. நெய்தலும் சோலையும் சரி என்று விட்டார்கள்.

பேராசிரியர்:

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இருப்பு என்பது கடைக்காரர் கணக்கு. வைன் அங்கே இருந்தது என்று மட்டும் அது சொல்கிறது, ஆனது என்ன என்று சொல்லவில்லை. ஆறாண்டும் எதற்கு என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் உங்கள் மாணவர் ‘இருந்தது’ என்றா சொல்வார்?

வாகை:

ஐயா, அந்தக் கேள்விக்கு அவர் ‘ஏடு கட்டியது’ என்று சொல்வார். பழுநலை மறு பதிப்பில் பார்ப்போம். கைநூலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சோலை:

வடிகட்டாத போத்தலின் அடியில் தங்குவதை ‘மண்டி’ என்று போட்டீர்களா, அக்கா? பட்டியலில் காணோமே.