ஏப்ரல் மாதத்தில் பூசணியும் மேப்பிள் இலையும்: டர்பன் சமையலறைக்கு இது தேவையா?

சாட்ஸ்வொர்த்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல் என்றால் இலையுதிர் காலம், அதற்கு ஏற்றபடி சமையலறையைக் கொஞ்சம் மாற்றலாம் என்று இருக்கிறேன். ஆரஞ்சு நிற மேப்பிள் இலைச் சரம் ஒன்றும் தெர்மோகோல் பூசணி மூன்றும் வாங்கிவிட்டேன். சரம் அடுப்புக்கு மேலே, பூசணி ஜன்னல் திண்டில், பக்கத்தில் பட்டை வாசனை மெழுகுவத்தி. மாமியார் வந்து ஒரு பூசணியை விரலால் தட்டிப் பார்த்தார். "இது என்ன, வெள்ளைக்காரன் வீட்டுக் கொலுவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வருஷப்பிறப்புக்கு ஆட்கள் வருவார்கள். வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

பீனிக்ஸ்_ராஜா:
எடுத்துவிடுங்கள் அக்கா. டர்பனில் எந்த மரம் சிவக்கிறது? ஏப்ரல் மத்தியானம் விசிறிக்குக் கீழே நின்றுதான் நாம் கறி தாளிக்கிறோம். மேப்பிள் இலை கனடாக்காரர்கள் கொடியில் இருப்பது. பூசணி அலங்காரமும் அவர்களுடைய அக்டோபர் அறுவடையோடு வந்தது. நமக்கு அக்டோபர் என்றால் வசந்தம், பிரிட்டோரியாவில் ஜகரண்டா பூக்கிற மாதம். யாரோ ஒருவர் வீட்டுப் பருவத்தைக் காசு கொடுத்து வாங்கி நம் அடுப்புக்கு மேலே மாட்டுவானேன்?

ஜோபர்க்_திருச்சிக்காரன்:
ராஜா தம்பி, தென்னாப்பிரிக்கா என்றால் டர்பன் மட்டும்தானா? நான் ஊரிலிருந்து வந்து ஒன்பது வருஷம். திருச்சியில் எனக்குத் தெரிந்தது வெயில், அதிக வெயில், நாலு நாள் மழை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மே பிறப்பதற்குள் எங்கள் தெரு பிளேன் மரங்களில் இலை பழுத்து, காலையில் கார் மேல் ஒரு கூடை இலை கிடக்கும். கிளாரன்ஸ் என்கிற மலையூர்ப் பக்கம் போனால் பாப்ளர் மரங்கள் மஞ்சளாக நிற்கும். என் மகள் இலை பொறுக்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறாள். செல்வி, பிடித்திருந்தால் வையுங்கள். டிசம்பர் வெயிலில் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பஞ்சு ஒட்டிப் பனி என்கிறோம், அதை ஒருத்தரும் கேட்பதில்லை.

பீனிக்ஸ்_ராஜா:
உங்கள் மகள் ஒட்டுவது உங்கள் தெருவில் விழுந்த இலை. அக்கா வாங்கியது பிளாஸ்டிக். நான் சொல்வது அவ்வளவுதான்.

மரிட்ஸ்பர்க்_டீச்சர்:
இலையுதிர் காலம் என்று ஒரு பருவமே பழைய தமிழ்க் கணக்கில் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில், ஆறுதான். அதில் சித்திரை இளவேனில். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வெளியே லிக்விட்அம்பர் மரம் சிவக்கத் தொடங்கியிருக்கும். 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்காக ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து முதலில் வந்து இறங்கிய நம்மவர்களோடு பஞ்சாங்கம் வந்தது, பருவம் வரவில்லை. ராஜா, பண்டிகையெல்லாம் தலைகீழ்ப் பருவத்தில் கொண்டாடுகிற நாம் ஒரு பூசணிக்கு இவ்வளவு கோபப்படலாமா?

வெருலம்_ஆயா:
நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் அடிக்கிறாள். செல்விம்மா, உனக்கு வேண்டியது அந்த ஆரஞ்சு நிறம்தானே? சந்தையில் நார்ச்சி, அந்தச் சின்னக் கமலா ஆரஞ்சு, வர ஆரம்பித்துவிடும். அந்தப் பேரே நம்ம நாரத்தைதான். ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரர்கள் எடுத்துக்கொண்டு நமக்கே திருப்பி விற்கிறார்கள்! எங்கள் அம்மா பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, இலையும் காம்புமாக நார்ச்சியைக் குவித்து மேசை நடுவில் வைப்பார். பக்கத்தில் மண் உதிராத மடும்பிக் கிழங்கு ஒரு கூடை, நாலு கொய்யா. கொய்யா பழுக்கிற சமையலறைக்கு மெழுகுவத்தி வாசனை எதற்கு?

பூசணி வேண்டுமென்றால் நிஜத்தையே காம்போடு வாங்கு. காம்பு ஒடிந்தால் அங்கேதான் முதலில் அழுகும். ஜெம் ஸ்குவாஷ் என்கிற உருண்டைச் சின்னப் பூசணி இன்னும் நல்லது, தோல் கெட்டி. அலுத்துப்போனால் வேகவைத்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடலாம். தெர்மோகோலை என்ன செய்வாய்?

சரம் மாட்டியே ஆகவேண்டும் என்றால், ஆரஞ்சுப் பழத்தை மெல்லிசாக வில்லை போடு. துணியால் ஈரத்தை ஒற்றி எடு. ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வை, நடுவில் ஒரு தரம் திருப்பு. ஊசியால் நூலில் கோத்து, மாவிலைத் தோரணம் மாதிரி ஜன்னலில் கட்டு. வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி தெரியும். நம் கடற்காற்றுக்குக் கொஞ்ச நாளில் பிசுபிசுக்கும், மறுபடி ஓவனில் வைத்து எடுத்தால் சரி.

பீனிக்ஸ்_ராஜா:
ஆயா சொன்னது சொன்னதுதான். இன்னொன்று: சிரிங்கா. வேப்பிலைக்குப் பதிலாக மாரியம்மனுக்கு வைக்கிறோமே, அந்த மரம் இங்கேயே மஞ்சளாகி இலை உதிர்க்கும். மஞ்சள் காயோடு ஒரு கொத்தை ஒடித்துச் செம்பில் வைத்தால் போதும். ஊடுருவி வளர்கிற அந்நிய மரம், ஒடித்தால் யாரும் அழப்போவதில்லை.

ஜோபர்க்_திருச்சிக்காரன்:
டர்பனில் எந்த மரம் நிறம் மாறுகிறது என்று கேட்டது யார்? அதுவும் அந்நிய மரம் வேறு!

பீனிக்ஸ்_ராஜா:
சிவக்கிறது என்று கேட்டேன். இது மஞ்சள்.

இரவுப்பணி_நர்ஸ்:
சிரிக்கிற விஷயமில்லை. சிரிங்கா காய் விஷம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தக் கொத்தை உள்ளே கொண்டுவரவே வேண்டாம், மணி மாதிரி உருண்டையாக இருக்கும், நேரே வாய்க்குப் போகும். அப்புறம், செல்வி, மேப்பிள் சரத்தை அடுப்புக்கு மேலேயா மாட்டியிருக்கிறீர்கள்? தாளிக்கும்போது எண்ணெய்ப் புகை படிந்து ஒரு வாரத்தில் பிசுக்காகிவிடும், தீப்பொறி பட்டால் உருகிச் சட்டியில் விழும். மின்வெட்டில் மெழுகுவத்தியையும் அதன் கீழேயே ஏற்றி வைப்பீர்கள். எந்த நாட்டு இலை என்பது எனக்குக் கவலையில்லை. அடுப்பை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த்_செல்வி:
சின்னவனுக்கு இரண்டரை வயது. சிரிங்கா வேண்டாம். நேற்று சாயந்திரம் ஆயா சொன்னபடி ஆரஞ்சு வில்லை போட்டேன். முதல் தட்டு கருகிவிட்டது, ஓவனை நம்பி மாடிக்குப் போனது என் தப்பு. இரண்டாவது தட்டை மாமியாரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். கோத்ததும் அவர்தான், இரண்டு வில்லைக்கு நடுவில் ஒரு பட்டைத் துண்டு வைத்து. மொத்தம் 23 வில்லை. காலையில் 20தான் இருந்தது, சின்னவன் வாயெல்லாம் பிசுபிசு. தெர்மோகோல் பூசணி அவன் விளையாட்டுக் கூடைக்குப் போய்விட்டது.

பீனிக்ஸ்_ராஜா:
மிக்க மகிழ்ச்சி அக்கா. மேப்பிள் சரத்தைத் தூக்கிப் போட்டாயிற்றுதானே?

சாட்ஸ்வொர்த்_செல்வி:
ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். 89 ராண்ட் கொடுத்திருக்கிறேன் ராஜா.